கன்வெர்ட்டர், டிபிஎஃப், யூரியா: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

நெடுவழி:
கன்வெர்ட்டரை, அதாவது புகைக்குழாயில் விஷ வாயுக்களை அடக்கும் பெட்டியை, மாற்றிய பிறகும் அதே பி0420 (பெட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டும் பிழைக் குறியீடு, 'கோடு' என்பார்கள்) திரும்பி வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எனக்கு வந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

பெட்ரோல் கார். எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கேனரைப் போட்டுக் கோடைப் பார்த்தார்கள், பெட்டி போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டிவிட்டார்கள். சில மாதத்திலேயே லைட் மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "ஆட்டிப் பாருங்க" என்றார். உள்ளே கலகலவென்று சத்தம். டார்ச் அடித்துக் காட்டினார். தேன்கூடு மாதிரி நேர்நேராகத் துளைகள் இருக்க வேண்டிய முகத்தில், நடுவில் ஒரு குழி. குழியின் ஓரமெல்லாம் உருகி வழிந்து, பக்கத்துத் துளைகளை அடைத்துக்கொண்டு உறைந்து போயிருந்தது. அந்தப் பீங்கான் உருக 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நேராகப் பிளக் பக்கம் போனார்.

மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் விட்டுவிட்டு வேலை செய்திருக்கிறது. அங்கே எரியாத பெட்ரோல் அப்படியே பெட்டிக்குள் போய் எரிந்திருக்கிறது. முதல் பெட்டியும் இப்படித்தான் செத்திருக்க வேண்டும். ஆனால் அதை யாரும் திறந்து பார்க்கவே இல்லை. கோளாறு எஞ்சினில், மாற்றியது பெட்டியை. அந்த முதல் பெட்டியை ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் போதுமே என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மழைத்துளி:
எனக்கு நாற்றம்தான். நீண்ட ஏற்றம் ஏறி முடித்து வண்டியை நிறுத்தினால் அழுகிய முட்டை வாடை. பின்சீட்டில் இருந்த குழந்தை வாந்தியே எடுத்துவிட்டது. பெட்ரோலில் இருக்கும் கந்தகத்தைப் பெட்டி பிடித்து வைத்துக்கொள்ளும், கலவையில் பெட்ரோல் கூடும்போது அதை ஹைட்ரஜன் சல்பைடாக வெளியே விடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கடைசியில் பார்த்தால் ஒரு இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்ததும் வாடை போய்விட்டது. பெட்டியை மாற்றவில்லை.

ஸ்பேனர்:
நெடுவழி சொன்னதை நான் இருட்டில் பார்த்திருக்கிறேன். பிக்கப் இல்லை, ஏற்றத்தில் திணறுகிறது என்று ஒரு வண்டி வந்தது. சாயங்காலம் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுப் பட்டறைக்குள் நிறுத்தினேன். விளக்கு போடவில்லை. வண்டிக்கு அடியில் தரையெல்லாம் செக்கச்செவேல் என்று வெளிச்சம். குனிந்து பார்த்தால் கன்வெர்ட்டர் பழுத்துக் கிடக்கிறது, பக்கத்தில் போகும் ஒயரின் உறை சுருண்டு புகைகிறது. வண்டியைக் கையால் தள்ளி வெளியே கொண்டுவந்தோம். அதை அப்படியே காய்ந்த புல் மேல் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் பகீர் என்கிறது.

ஆறிய பிறகு முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டினேன். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ தாண்டினாலே அடைப்பு என்று எடுத்துக்கொள்வோம். இது அதைவிட வெகுதூரம் போனது. எஞ்சின் லைட் நிலையாக எரிந்தால் நேரம் பார்த்து வாங்க. மின்னி மின்னி எரிந்தால் உடனே ஓரம் கட்டுங்கள். மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது, இந்த நிமிஷமே பெட்டியைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

லாம்டா:
நெடுவழி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பி0420 வந்தாலே பெட்டி செத்துவிட்டது என்ற இடத்திலிருந்துதான் நீங்களும் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கோடு வந்தபோது பெட்டி முழு ஆரோக்கியத்தோடு இருந்தது. குழாயில் புகை ஏற்றிப் பார்த்தோம். பெட்டிக்கும் பின் சென்சாருக்கும் நடுவில் ஒரு வெல்டிங்கிலிருந்து நூல் மாதிரி புகை கிளம்பியது. அவ்வளவுதான் என் கதை.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் புகையை அளப்பதே இல்லை. பெட்டிக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தோடு சீரியம் ஆக்சைடும் பூசியிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது பிடித்து வைத்து, குறையும்போது திருப்பிக் கொடுக்கும். அதனால் நல்ல பெட்டிக்கு முன்னால் இருக்கும் சென்சார் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும், பின்னால் இருப்பது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் சேர்ந்து ஆடத் தொடங்கினால், ஆக்சிஜனைச் சேமிக்கும் சக்தி போய்விட்டது என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. வெல்டிங் ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போனாலும் அதே ஆட்டம்தான். அதற்கும் அதே கோடுதான்.

ஆகவே முதலில் மிஸ்ஃபயர் கோடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஃபியூவல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற அளவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கை ஒட்டி ஓடினால்தான் இந்தப் பெட்டி கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு என்ற மூன்று விஷத்தையும் சேர்த்து அடக்கும். அந்தக் கணக்கு நீண்ட நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், எந்தப் புதுப் பெட்டி போட்டாலும் அதே கதிதான். அடுத்து கசிவு, அதற்கடுத்து சென்சார். சமீபத்தில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருந்தால் என்ன பசை போட்டார்கள் என்று கேளுங்கள். சில சிலிக்கான் பசைகளின் ஆவி சென்சார் முனையில் வெள்ளையாகப் படிந்து அதைக் குருடாக்கிவிடும். கூலன்ட் குறைகிறதா என்றும் பாருங்கள், ஹெட் கேஸ்கட் கசிந்தால் அதிலிருக்கும் பொருள்கள் பெட்டியின் பூச்சை மூடிவிடும். இன்ஃப்ராரெட் துப்பாக்கியை முன்னும் பின்னும் காட்டி, பின்பக்கம் சூடு கூடினால் பெட்டி நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இன்றைய எஞ்சின்களில் சுத்தமாக எரிந்து வரும் புகையில் பெட்டிக்கு வேலையே குறைவு, அந்தச் சூட்டு வித்தியாசம் தெரியாமலே போகலாம். இதையெல்லாம் முடித்த பிறகுதான் பெட்டி மேல் கை வைக்க வேண்டும்.

நெடுவழி:
லாம்டா, என் பெட்டி உருகியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். இரண்டு தடவையும் பெட்டி நிஜமாகவே செத்துத்தான் போனது. கொன்றது எது என்று முதல் பட்டறையில் கேட்கவில்லை என்பதுதான் என் குறை. மற்றபடி நீங்கள் சொன்ன வரிசையை அவர்கள் பின்பற்றியிருந்தால் எனக்கு இந்தச் செலவே வந்திருக்காது, அதில் சந்தேகமில்லை.

பத்து சக்கரம்:
லாரி பக்கம் வாருங்கள். எங்களுக்கு யூரியாதான் பிரச்சினை. டேங்க் நிறைய யூரியா, ஆனாலும் மீட்டரில் எச்சரிக்கை. பாரம் ஏற்றிப் பாதி வழி போனதும் வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொண்டது. பின்னால் வரிசையாக ஹாரன். ஓரம் கட்டி, மறுநாள் யூரியா பீச்சும் நாசிலைக் கழற்றினோம். நாசிலுக்கு எதிரே இருந்த குழாய்ச் சுவரில் வெள்ளை வெளேர் என்று உப்புப் பாறை மாதிரி கட்டி. ஸ்க்ரூடிரைவரால் குத்தினாலும் அசையவில்லை. குழாயின் வழியில் பாதிக்கு மேல் அதுவே அடைத்திருந்தது.

டேங்கில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கலந்த சுத்தமான தண்ணீர்தானே. சூடான புகையில் அது அம்மோனியாவாகப் பிரிந்து, எஸ்சிஆர் பெட்டிக்குள் நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாக மாற்ற வேண்டும். புகையில் சூடு இல்லையென்றால் யூரியா பிரியாமல் சுவரில் ஒட்டி இறுகிவிடும். எங்கள் வண்டி சரக்கு இறக்கும் இடங்களில் மணிக்கணக்காக ஐடிலில் நிற்கிற வண்டி. ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டு உள்ளே தூங்குவோம். அந்தக் கட்டி அங்கேதான் வளர்ந்திருக்கிறது. யூரியா தரமில்லை என்று விற்ற பங்க்கைத் திட்டினோம், டீலரைத் திட்டினோம். பரிசோதித்தால் யூரியா சரியாகவே இருந்தது.

காற்றுவேகம்:
இவ்வளவு தொல்லை எதற்கு? என் டீசல் வண்டியில் டிபிஎஃப் (புகையிலிருக்கும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ளே இருந்ததை வெட்டி எடுத்துவிட்டு, சாப்ட்வேரையும் மாற்றிவிட்டேன். அதுவரைக்கும் நகரத்துக்குள் ஓட்டும்போதெல்லாம் ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துக்கொள்வது) பாதியில் நின்று நின்று, ஆயில் மட்டம் மேலே ஏறிவிட்டது. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் டீசல் வாடை. எஞ்சின் போய்விடுமோ என்ற பயம். இப்போது நிம்மதியாக ஓட்டுகிறேன். பவரும் கூடியிருக்கிறது.

சோதனை மேடை:
காற்றுவேகம், ஆயிலில் டீசல் கலந்தது பற்றிய உங்கள் பயம் நியாயமானது. கரியை எரிக்க 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காகக் கடைசியில் பீச்சும் டீசல், பயணம் பாதியில் நின்றால் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆனால் அதற்கு வழி அந்த ரீஜெனரேஷனை முடிக்க விடுவதுதான், வெட்டுவது இல்லை. உள்ளே இருப்பதை இப்படி எடுத்துவிட்டால் என்ன நடக்கிறது என்பதை, ஒரு பெட்ரோல் வண்டியின் கன்வெர்ட்டரில், நான் திரையில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வேலை வண்டியை உருளை மேல் ஏற்றி ஓட்டிப் புகையை அளப்பது. இரவெல்லாம் ஆறிய பெட்ரோல் வண்டி. சாவி போட்டதும் திரையில் கார்பன் மோனாக்சைடைக் காட்டும் வரைகோடும் ஹைட்ரோகார்பனைக் காட்டும் வரைகோடும் செங்குத்தாக மேலே போகும். பெட்டிக்கு 250, 300 டிகிரி சூடு ஏறும் வரைக்கும் அது வெறும் குழாய்தான். அந்தச் சூடு வந்த நொடியில் இரண்டு கோடும் சரிந்து, தரையோடு தரையாகப் படுத்துவிடும். முழுச் சோதனையிலும் வரும் ஹைட்ரோகார்பனில் பெரும்பங்கு இந்த முதல் நிமிஷத்தில் வருவதுதான். ஒரு நாள் ஒரு வண்டி வந்தது. கோடு ஏறியது. சரிவதற்காகக் காத்திருந்தோம். சரியவே இல்லை, கடைசி வரை மேலேயே நின்றது. அனலைசர்தான் கெட்டுவிட்டது என்று அதில் அளவு தெரிந்த வாயுவை விட்டுச் சரிபார்த்தோம், அது சரியாகத்தான் இருந்தது. வண்டியைத் தூக்கிப் பெட்டியைத் தட்டினால் டங் என்று வெற்றுத் தகரச் சத்தம். உள்ளே இருந்ததை யாரோ உடைத்துக் கொட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரிஜினல் பெட்டிதான். கண்ணுக்குப் புகையும் தெரியவில்லை, மூக்குக்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்தக் கோடு மட்டும் இறங்காமல் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

கிடங்கு:
"மூக்குக்கும் வித்தியாசமில்லை" என்று சோதனை மேடை எழுதியதால்தான் இதை எழுதுகிறேன். மூடிய கிடங்கு, எரிவாயுவில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட், கன்வெர்ட்டரும் இருந்தது. கன்வெர்ட்டர் இருப்பதால் உள்ளேயே ஓட்டலாம் என்பது எல்லோருடைய நம்பிக்கை. ஒரு மத்தியானம் ஓட்டுநர் பாலட்டின் இடைவெளியில் முள்ளை நுழைக்கப் பார்க்கிறார், நுழையவில்லை. பின்னால் எடுத்து மறுபடியும் வருகிறார், பக்கத்தில் போய் இடிக்கிறது. வருஷக்கணக்கில் அதே வேலை செய்த மனிதர். கிண்டலாகக் கூப்பிட்டோம், திரும்பிப் பார்த்த பார்வையில் ஆளே இல்லை. இழுத்து வெளியே கொண்டுபோன பிறகுதான் எங்களுக்கும் தலை கனக்கிறது என்பதே உறைத்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

கலவையில் எரிவாயு மிகவும் கூடி ஓடியிருக்கிறது. பெட்டி சூடாகத்தான் இருந்தது, ஆனால் கார்பன் மோனாக்சைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டுமே, அது புகையில் இல்லை. இருந்த கொஞ்சத்தில் கண் எரியவைக்கிற வாடையை மட்டும் பெட்டி குறைத்துவிட்டது. மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இப்போது அலாரம் இல்லாமல் அந்தக் கதவுக்குள் எந்த எஞ்சினையும் விடுவதில்லை.

லாம்டா:
கிடங்கு எழுதியதைப் படித்ததும் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. இந்தப் பெட்டியை உருவாக்கியவர்களில் முன்னோடியான யூஜின் ஹூட்ரி, முதலில் ஆலைப் புகைபோக்கிகளுக்கும் அப்புறம் கிடங்கு ஃபோர்க்லிஃப்ட்களுக்கும்தான் இதைச் செய்தார். கார்களுக்கு 1950களிலேயே முயன்றார். பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் பூச்சை மூடிக் கெடுத்தது. ஈயமில்லாத பெட்ரோல் வந்த பிறகுதான் அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் இது பரவலாக ஏறியது. உலகத்தில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் கடைசியாக நின்றது 2021ல், அல்ஜீரியாவில். ஈயத்தை ஒழித்ததில் இந்தப் பெட்டிக்கும் பங்குண்டு. காற்றுவேகம் அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காற்றுவேகம்:
ஈயம் பெட்ரோல் விஷயம். நான் கேட்டது டிபிஎஃப். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவன் என்ன செய்வது? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சாம்பல்:
நான் சொல்கிறேன். பேருந்துப் பணிமனையில் டிபிஎஃப் பிரித்துச் சுத்தம் செய்வது என் வேலை. ரீஜெனரேஷன் முடிந்த பிறகும் அடைப்பு குறையவில்லை என்று ஒன்று வந்தது. எடைபோட்டால் கனம். அடுப்பில் வைத்துக் கரியை எரித்தேன், அப்போதும் கனம் போகவில்லை. பின்பக்கமிருந்து காற்று அடித்ததும் முன்பக்கத்துளைகளிலிருந்து சாம்பல் நிறத் தூள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கையில் தேய்த்தால் கரி மாதிரி ஒட்டவில்லை, முகப்பவுடர் மாதிரி மென்மை. எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எரிந்து மிஞ்சியது அது. எத்தனை டிகிரி சூடாக்கினாலும் அது எரியாது. அந்த எஞ்சின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது, ஊற்றியதும் இதற்கான சாம்பல் குறைந்த ஆயில் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரீஜெனரேஷன் தொடங்கியிருந்தால் ஐடில் கொஞ்சம் கூடும், நிறுத்திய பிறகும் விசிறி ஓடும், வாடை மாறும். அந்த நேரத்தில் வண்டியை அணைக்காமல் முடியும் வரை ஓட்டிவிட வேண்டும். வாரம் ஒரு தடவையாவது வேகச் சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுங்கள். டிபிஎஃப்புக்கு என்று எழுதியிருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள், மட்டம் ஏறினால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். இது எதுவும் உங்கள் ஓட்டத்துக்கு ஒத்துவராது என்றால் டீசல் வண்டி உங்களுக்கானது இல்லை, அடுத்தது பெட்ரோலாக வாங்குங்கள். வெட்டி எடுத்த உள்பாகம் உங்களிடம் இருந்தால் முன்முகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், அடைத்தது கரியா சாம்பலா என்று பார்த்துச் சொல்கிறேன்.