பள்ளிக்கு அனுப்பாத பிள்ளையை நடுச்சபையில் சோதித்தவர்கள்

வேப்பம்பூ:
கல்யாண வீட்டுப் பந்தி. "எந்த ஸ்கூல்?" என்ற கேள்விக்கு "வீட்டில்தான்" என்றால் அடுத்து என்ன வரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் மாமனாரின் அண்ணன் பக்கத்து இலை. சோற்றில் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே என் மகனிடம், "பதின்மூன்றெட்டு எவ்வளவுடா?" என்றார். அவன் அப்பளத்தை நொறுக்கியபடி, "தெரியாது தாத்தா. உங்களுக்குத் தெரியுமா?" என்றான். துடுக்கே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பெரியவரின் இடது கை மடியில் மெல்ல விரல் மடக்கத் தொடங்கியது. கட்டை விரல் கணுக் கணுவாக நகர்ந்ததைப் பார்த்தேன். ரச வாளியோடு வந்தவர் காத்து நின்றார். விடை வரவில்லை. பெரியவர் என்னை முறைத்துவிட்டு மோர் கேட்டார். விடை எனக்குத் தெரியும், சொல்லவில்லை. நிதானமாக இருப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒன்றுதானா? இது இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது.

கோவைக்காரன்:
நீங்கள் பேசாததே சரி. என் மகள் ஒன்பது வயது வரை எழுத்துக் கூட்டவில்லை. வீட்டில் தினமும் பஞ்சாயத்து. ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது இருப்புப் பலகையைப் பார்த்து உரக்கப் படித்தாள்: "துவரம் பருப்பு, இருப்பு இல்லை." பருப்பு, இருப்பு என்ற ஓசை பிடித்துப்போய்விட்டது. வீடு வரை அதே பாட்டு. வரிசையில் இருந்த அம்மாக்கள், பருப்பு இல்லாத கோபத்தை மறந்து சிரித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கவனியுங்கள்.

சாக்பீஸ்:
"யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை" என்கிறீர்களே, சார், இரவில் கதை படித்துக் காட்டியது யார்? படித்த பெற்றோரும் வீடு நிறையப் புத்தகங்களும் இருக்கிற வீட்டில் பிள்ளை தானாகப் படிக்கும். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்புக்காகத் தெருத் தெருவாகப் போகிறவள். நான் பார்க்கிற பிள்ளைகள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறப்பார்கள். அவர்களுக்கு மதிய உணவே பள்ளியில்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அது யாருக்காக வந்தது என்பதையும் கொஞ்சம் நினையுங்கள்.

ஆனாலும் ஒரு வீட்டை மறக்க முடியவில்லை. கதவைத் திறந்த பெண் குழந்தை என் கையிலிருந்த படிவத்தைப் பார்க்கவே இல்லை. "டீச்சர், ஆட்டாதீர்கள்" என்று நிலைப்படியைக் காட்டினாள். குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புழுவை வைத்து அடைக்கும் என்றாள். பேனா மூடியைத் திறந்தபடி வெகுநேரம் நின்றுவிட்டேன்.

நிலக்கடலை:
எங்கள் வீட்டிலும் ஒரு மாமா கேட்டார், நானும் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். முக்கியமான விஷயத்துக்கு வருவோம். டி.சி. இருக்காது என்பதால் பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழிசெய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் (என்.ஐ.ஓ.எஸ்.) பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஐந்து பாடங்கள். ஒரே மூச்சில் எழுத வேண்டாம். ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஏப்ரல், அக்டோபரை ஒட்டி ஆண்டுக்கு இரு முறை தேர்வு. தமிழிலும் எழுதலாம். அதற்கு முன்பே ஒரு சான்றிதழ் வேண்டுமென்றால் தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது, பன்னிரண்டரை வயது ஆகியிருக்க வேண்டும். அப்புறம், வேப்பம்பூ, வாய்ப்பாட்டைத் தினமும் காலையில் பத்து நிமிடம்...

வேப்பம்பூ:
வாய்ப்பாடு கேட்டது நான் இல்லை, பெரிய மாமனார். அவருக்கு அனுப்புங்கள்.

கோவைக்காரன்:
சாக்பீஸ் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், கதை படித்தது நான்தான். ஆனால் எங்களை ஆசிரியர்களுக்கு எதிரிகளாக்க வேண்டாம். 1970களில் 'அன்ஸ்கூலிங்' (பள்ளியும் பாடத்திட்டமும் இல்லாமல், பிள்ளை தன் விருப்பப்படி கற்பது) என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்ட ஜான் ஹோல்ட்டே அமெரிக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்தான். அது இருக்கட்டும், அந்தக் குளவி வீட்டுக்குப் படிவத்தில் என்ன எழுதினீர்கள்?

சாக்பீஸ்:
'மற்றவை.' தலைமையாசிரியர் அதை அடித்துவிட்டு மறுபடியும் போய் வரச் சொன்னார்.