புதுப்பிப்பு: செல்லம்மா பாட்டி கதை மறுபடி ஓடுகிறது

நின்றுபோன எங்கள் கூட்டுக்கதையை எப்படித் தொடர்வது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். டெலிகிராமில் 11 பேர், முன்திட்டம் இல்லாமல், ஆளுக்கு ஐந்து வரியாகக் கதை சொல்லி வந்தோம். ஒருவர் திடீரென்று நாயகி செல்லம்மா பாட்டியைச் சாகடித்துவிட, குழுவே பேச்சிழந்து நின்றது.

கதை பிழைத்துவிட்டது! "அழிக்காதீர்கள், அந்தச் சாவை ஏற்றுக்கொண்டு மேலே போங்கள்" என்றீர்கள். மேடையில் உடனுக்குடன் நடிப்பவர்களின் அடிப்படை விதியும் அதுதான்: எதிரில் இருப்பவர் தந்ததை மறுக்காமல் "ஆமாம், அப்புறம்..." என்று தொடர்வது. சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து எழுதும் அக்கா, பாட்டி அங்குள்ள தேக்கா சந்தை மீன்கடையில் விட்டுப்போன ஒரு பையைக் கொண்டுவந்தார். அன்றிரவு யாருமே தூங்கவில்லை.

இன்னொரு மாற்றம், அந்தாதி. முன்னவர் முடித்த சொல்லில்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும். 1925 வாக்கில் பாரிஸின் சர்ரியலிஸ்டுகள் (கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கியவர்கள்) முன்னவர் எழுதியதை மடித்து மறைத்து விளையாடினார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது அதற்கு நேர்மாறு. உண்மையில் நாங்கள் ஒருவரையொருவர் படிக்கவேயில்லை, அவரவர் முறைக்காகக் காத்திருந்தோம், அவ்வளவுதான். கடைசிச் சொல்லுக்காகப் படிக்கத் தொடங்கி, இப்போது முழுவதையும் படிக்கிறோம்.

சரி, முக்கியமான விஷயம். பாட்டியைச் சாகடித்தவர் எனக்குத் தனியாக எழுதினார். அந்த வாரம்தான் அவருடைய சொந்தப் பாட்டி இறந்திருக்கிறார். அவரைச் சாடி இங்கே எழுதியதற்கு வருந்துகிறேன். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இன்றிரவு அவருடைய முறை. தொடங்க வேண்டிய சொல்: சாவி.