நாலு நாள் டூருக்கு மூணு சட்டை போதுமா? பஞ்சாயத்து பண்ணுங்க

சிப்காட் பையன் (ஓசூர்):
வணக்கம் மக்களே. வர்ற திங்கட்கிழமை புனே போறேன், சாக்கன் பக்கம் கஸ்டமர் பிளான்ட். வெள்ளிக்கிழமை காலையில ரிட்டர்ன். முதல் மூணு நாள் புரொடக்‌ஷன் லைன்ல நின்னு பார்க்கற வேலை, வியாழக்கிழமை பெரிய தலைங்க முன்னாடி பிரசன்டேஷன். போன தடவை பெரிய டிராலியில ஏழு சட்டை அடுக்கிட்டுப் போனேன். அதுல மூணு சட்டை மடிப்புகூடக் கலையாம வீட்டுக்கு வந்துச்சு. அம்மா அதையும் அழுக்குன்னு நெனச்சு வாஷிங் மெஷின்ல போட்டுட்டாங்க, அது வேற கதை. இந்தத் தடவை ஃபிளைட்ல கையோட விடற 7 கிலோக்குள்ள முடிக்கலாம்னு இருக்கேன். சட்டை மூணு, பேன்ட் ரெண்டு, கால்ல போட்டுட்டுப் போற ஷூ மட்டும். எங்க டீம் சீனியர் "பரதேசி மாதிரி போய் நிக்காதே, கம்பெனி மானம் போகும்"ங்கறார். நீங்களே சொல்லுங்க.

கிரானைட்காரர் (கிருஷ்ணகிரி):
தம்பி, சீனியர் சொல்றதுதான் சரி. நான் இருபது வருஷத்துக்கு மேல கல்லு விக்கப் போறவன். ராஜஸ்தான் கிஷன்கட், டெல்லி, எங்கேயும் விடல. ஒரு தடவை உங்களை மாதிரிதான் "லைட்டா போலாம்"னு ரெண்டே சட்டையோட டெல்லி போனேன், ஜனவரி மாசம். மொத நாள் ராத்திரி ஒண்ணு வேர்வையும் தூசியுமா போச்சு. மறுநாள் காலையில டிபன் சாப்பிடும்போது இன்னொண்ணு மேல சன்னா மசாலா. மீட்டிங் பத்து மணிக்கு. ஓடிப்போய் ஒண்ணு வாங்கலாம்னா அந்த ஊர்ல துணிக்கடை பதினோரு மணிக்கு முன்னாடி ஷட்டரே தூக்கறதில்ல. ஸ்வெட்டர் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டுட்டுப் போய் உட்கார்ந்தேன். ரூம்ல ஹீட்டர் ஓடுது. "ஸ்வெட்டரைக் கழட்டிட்டு வசதியா உட்காருங்க"ன்னு அந்த மனுசன் நாலு தடவை சொல்லிட்டார். நான் வேர்த்து வழிஞ்சிட்டே "பரவால்ல சார், குளிருது"ங்கறேன். ரேட் பேசற நேரத்துல இப்படி வேர்த்தா எதிராளி என்ன நினைப்பான்? ஒரு நாளைக்கு ரெண்டு சட்டை, நாலு நாளைக்கு எட்டு. இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

காவேரிப்பட்டணம் ரெப்:
அண்ணா, எட்டு சட்டை எடுத்துட்டுப் போனா சன்னா மசாலா விழாதா? 😄
மெடிக்கல் ரெப் வேலையில பாதி வாழ்க்கை பஸ்ல போகுது எனக்கு. ஒரு நாள் மாமா மளிகைக்கடைத் தராசுல எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வச்சுப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை கால் கிலோ. பேன்ட் நானூறு கிராம் சொச்சம். லெதர் ஷூ ஒரு ஜோடி ஒரு கிலோ. ஒண்ணுமே போடாத காலி டிராலி 2 கிலோ 800! அந்த 7 கிலோ கணக்குல பையோட எடையும் சேர்த்திதான். அப்போ சட்டை மூணா எட்டாங்கற சண்டை வெறும் ஒண்ணேகால் கிலோ சண்டை. டிராலியை விட்டுட்டு துணி பேக்பேக் மாட்டுங்க, ஒரு கிலோகூட வராது. லேப்டாப் பையைத் தனியா விடறதும் விடாததும் ஏர்லைனைப் பொறுத்தது, டிக்கெட்லயே போட்டிருக்கும், பார்த்துக்கோங்க. பவர்பேங்க் மட்டும் கையோட வர்ற பையிலதான் இருக்கணும், செக்-இன் லக்கேஜ்ல போட விட மாட்டாங்க.

இன்னொண்ணு. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. தேவனஹள்ளி ஏர்போர்ட் பெங்களூருக்கு அந்தாண்ட கோடியில இருக்கு. பஸ் ஏறி, சில்க் போர்டு நெரிசல்ல வெந்து, மறுபடி வண்டி மாறிப் போய்ச் சேரணும். பெரிய டிராலியோட ரெண்டு பஸ் மாறிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

கிரானைட்காரர்:
நான் காரில போறேன்.

காவேரிப்பட்டணம் ரெப்:
அதைத்தான் சொல்றேன். 😄 காரில போனாலும் ஏர்போர்ட் பெல்ட்ல பை வரணுமே. எனக்கு ஒரு தடவை நான் ஒரு ஊர்ல, பை வேற ஊர்ல. ஏர்லைன் பேர் வேண்டாம். மறுநாள் சாயங்காலம்தான் கைக்கு வந்துச்சு. டிராவலுக்குப் போட்ட டி-ஷர்ட்டும் ரப்பர் செருப்புமா ஏரியா மேனேஜர் முன்னாடி நின்னேன். அன்னைக்கு டார்கெட் பேச்சைவிடச் செருப்புப் பேச்சுதான் அதிகம்.

தையல் கடைக்காரர் (கிருஷ்ணகிரி):
எத்தனைன்னு அடிச்சுக்கிறீங்களே, என்ன துணின்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

சுத்தக் காட்டன் சட்டை எட்டு எடுத்துட்டுப் போனாலும் பையைத் திறக்கும்போது எட்டும் அப்பளமா நொறுங்கித்தான் வரும். காட்டன் ஈரத்தை இழுக்கும். வேர்வையோட உடம்புச் சூடும் சேர்ந்து, எப்படி மடங்கியிருக்கோ அப்படியே நின்னுடும். கார்ல ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தா முதுகையும் மடியையும் பாருங்க, தெரியும். லினன் இன்னும் மோசம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டுப் போங்க, டூருக்கு வேண்டாம். பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன் கசங்காது, ராத்திரி துவைச்சா காலையில காஞ்சிருக்கும். பேன்டுக்கு டெரிவுல் எடுங்க. கம்பளி நூலுக்கு ஒரு குணம், கசங்கினாலும் ராத்திரி ஹேங்கர்ல தொங்கவிட்டா காலையில தானா நீவிக்கும்.

கடையில துணி எடுக்கும்போது ஓரத்தை உள்ளங்கையில இறுக்கிக் கசக்கி இருபது எண்ணுங்க. கையை விரிச்சதும் எழுந்து நிக்குதா, கோடு கோடா கிடக்குதா? என்கிட்ட வர்றவங்ககிட்ட இதைத்தான் செய்யச் சொல்வேன். கடைக்காரன் முறைப்பான், முறைக்கட்டும்.

சிப்காட் பையன்:
அண்ணா, கசங்காதுதான். ஆனா பாலியஸ்டர் கலந்த சட்டை மத்தியானத்துக்குள்ள நாத்தம் எடுக்குதே! பிளான்ட்டுக்குள்ள ஏசி கிடையாது. பக்கத்துல நிக்கறவன் ஒரு அடி தள்ளி நின்னா எனக்கே தெரிஞ்சிடும்.

தையல் கடைக்காரர்:
உங்க வயசுப் பசங்க பனியன் போடறதை விட்டுட்டீங்க, அதான். உள்ளே காட்டன் பனியன் போட்டா வேர்வை அதோட நிக்கும், சட்டைக்கு வராது. சட்டை மூணே போதும், பனியன் மட்டும் நாளுக்கு ஒண்ணு வைங்க. சுருட்டினா உள்ளங்கைக்குள்ள அடங்கும்.

கலரையும் சொல்லிடறேன். வேர்வை பட்டா மொதல்ல காட்டிக்கொடுக்கறது சாம்பலும் இளநீலமும்தான். வெள்ளையிலயும் கருநீலத்துலயும் அவ்வளவா தெரியாது. எல்லாரும் "ஆபீஸ் கலர்"னு இளநீலத்தையே எடுக்கறாங்க, அப்புறம் கையைத் தூக்காமலே போர்டுல எழுதறாங்க.

கிரானைட்காரர்:
துணி பத்தி நீங்க சொன்னா சரிதான், எனக்கும் நீங்கதானே தைக்கறீங்க. ஆனா ஹோட்டல் பாத்ரூம்ல உட்கார்ந்து சட்டை துவைக்கறதெல்லாம் ஒரு பொழப்பா? பகல்ல கோடிக் கணக்குல பேசிட்டு ராத்திரி வாளியோட மல்லுக்கட்டணுமா?

காவேரிப்பட்டணம் ரெப்:
ஹோட்டல்ல லாண்டரிக்குப் போட்டுப் பாருங்கண்ணா. ஒரு சட்டைக்கு அவன் வாங்கற காசுல நம்ம தெருமுனை இஸ்திரி வண்டியில வீட்டுத் துணி மொத்தமும் தேய்ச்சுடலாம். அதோட இன்னைக்குக் கொடுத்தா நாளைக்குச் சாயங்காலம்தான் கைக்கு வரும்.

துவைக்கறது அஞ்சு நிமிஷம். முழுச் சட்டையும் வேண்டாம், காலர், கைப்பட்டி, அக்குள் மூணு இடத்துல சோப்பு போட்டா போதும். முறுக்கிப் பிழியாதீங்க. ஹோட்டல் டவலை விரிச்சு, அதுமேல சட்டையைப் பரப்பி, பாய் சுருட்டற மாதிரி சுருட்டி, கால்ல நாலு மிதி. தண்ணி பூரா டவலுக்குப் போயிடும். ஹேங்கர்ல மாட்டிக் காலரையும் பட்டன் பட்டியையும் கையால இழுத்து நீவி விடுங்க. முக்கியமா, பாத்ரூம்ல காயப்போடாதீங்க. புனேல இப்போ மழைக்காலம், பாத்ரூம்ல போட்டா ஈர நாத்தம்தான் வரும். ரூம்ல ஏசி ஓடினா காத்துல ஈரம் குறையும், அங்கேயே மாட்டுங்க.

தணிக்கை அக்கா (தருமபுரி):
நாலு ஆம்பளைங்க சட்டையைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க, கொஞ்சம் உள்ளே வரலாமா?

எனக்கு மாசத்துக்கு ரெண்டு வெளியூர் ஆடிட். ஒவ்வொண்ணும் மூணு, நாலு நாள். நீங்க ஒரே கருநீல பேன்டை மூணு நாள் போட்டா யார் கண்ணுலயும் படாது. நான் ஒரே குர்தாவை ரெண்டு நாள் போட்டா ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு வரைக்கும் கவனிப்பாங்க. அதனால நான் பேன்டையும் துப்பட்டாவையும் கறுப்புல நிறுத்திக்கிட்டு மேல் குர்தாவை மட்டும் மாத்தறேன். கஞ்சி போட்ட காட்டன் புடவையைப் பைக்குள்ள வைக்கறது பாவம், ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள செத்துப்போகும். க்ரேப் புடவை ஒண்ணு, அரைக்கிலோ இருக்கும், சுருட்டி வச்சாலும் உதறிக் கட்டிக்கலாம்.

லக்கேஜ் குறையணும்னு நான் சொல்றது ஸ்டைலுக்கு இல்ல. ராத்திரி பதினொண்ணுக்குத் தெரியாத ஊர் பஸ் ஸ்டாண்டுல இறங்கறப்போ பெரிய பையை இழுத்துட்டு நின்னா நாலு பேர் "தூக்கி விடட்டுமா"ன்னு வருவான். தோள்ல ஒரே பைன்னா நான் பாட்டுக்கு விறுவிறுன்னு நடந்துடுவேன்.

தம்பி, உன் கணக்குல தப்பு எண்ணிக்கையில இல்ல. நாலு நாள்ல எது முக்கியமான நாள்? வியாழக்கிழமை. திங்கள்ல ஆரம்பிச்சு நல்ல சட்டையா எடுத்து எடுத்துப் போட்டா வியாழக்கிழமை உன் கையில மிஞ்சறது எது? எல்லாருமே இப்படித்தான் பண்றாங்க. எங்க வேலையிலயும் கடைசி நாள் எக்ஸிட் மீட்டிங்லதான் மேனேஜ்மென்ட்டே வந்து உட்காரும். அன்னைக்குப் பார்த்துத்தான் எங்க ஆளுங்க கசங்கின சட்டையும் ரெண்டு நாள் தாடியுமா நிப்பாங்க. வியாழக்கிழமை சட்டையை மொதல்ல தனியா மடிச்சு எடுத்து வை. பிளேன்லயும் போடாதே, டின்னருக்கும் போடாதே, எவன் கூப்பிட்டாலும் போடாதே. மிச்ச நாளுக்கு ரெண்டு சட்டையை மாத்தி மாத்தி போட்டா ஒண்ணும் குடி முழுகாது. லைன்ல நிக்கறவன் உன் சட்டையைப் பார்க்க மாட்டான், ரிஜெக்‌ஷனைத்தான் பார்ப்பான்.

கிரானைட்காரர்:
இந்தம்மா சொல்றது நியாயமா இருக்கு. டெல்லியில நான் அந்த நல்ல சட்டையோடதான் டிபன் சாப்பிட உட்கார்ந்தேன். ஆனாலும் எட்டு எட்டுதான், அதுல மாத்தமில்ல.

தையல் கடைக்காரர்:
அந்த வியாழக்கிழமை சட்டையை எப்படி மடிக்கறதுன்னு சொல்லிடறேன். டிரை கிளீனிங்ல மாட்டித் தர்ற மெல்லிசு பிளாஸ்டிக் கவர் வீட்ல கிடக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க. சட்டை பட்டனைப் பூராவும் போட்டு, கவர்ல நுழைச்சு, அப்புறம் மடிங்க. துணிமேல துணி உரசினாத்தான் கோடு விழும், பிளாஸ்டிக் நடுவுல இருந்தா வழுக்கிடும். நியூஸ்பேப்பர் வேண்டாம், காலர்ல மை ஒட்டும். பேன்டை நீளமா பைக்குள்ள போட்டு, பாதியை வெளியே தொங்கவிட்டு, சட்டையை நடுவுல வச்சு, தொங்கற பாதியை மேல மூடுங்க. பேன்ட்லயும் முறிவு விழாது. கறுப்பு பேன்டை ஹோட்டல் இஸ்திரிப்பெட்டியில நேரா தேய்க்கவே தேய்க்காதீங்க, பளபளன்னு தழும்பு விழுந்துடும், அப்புறம் போகாது. உள்பக்கம் திருப்பித் தேய்ங்க.

சிப்காட் பையன்:
அக்கா, டெய்லர் அண்ணா, ரொம்ப நன்றி. முடிவு பண்ணிட்டேன். வெள்ளைச் சட்டை வியாழக்கிழமைக்கு, கவர்ல. கருநீலச் சட்டை ரெண்டு. பேன்ட் ரெண்டு. பனியன் அஞ்சு. ஒரே ஷூ.

தணிக்கை அக்கா:
ஒரே ஷூவா? லைன்ல நிக்கப்போறேன்னு நீதானே சொன்னே. சேஃப்டி ஷூ இல்லாம உள்ளே விடுவாங்களா?

சிப்காட் பையன்:
😶

காவேரிப்பட்டணம் ரெப்:
போச்சு! ஒரு கிலோவுக்கு மேல ஏறிடுச்சு.

சிப்காட் பையன்:
இப்பதான் கஸ்டமர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். விசிட்டர் ஷூ வச்சிருக்காங்களாம், ஆனா 9 சைஸ் வரைக்கும்தான். எனக்கு 11.

கிரானைட்காரர்:
பெரிய டிராலி.

காவேரிப்பட்டணம் ரெப்:
அதெல்லாம் வேண்டாம். சேஃப்டி ஷூவைக் கால்ல போட்டுட்டுப் போங்க, லெதர் ஷூவைப் பைக்குள்ள வைங்க, அதுதான் எடை கம்மி. ஷூவுக்குள்ள பனியனைத் திணிச்சா இடமும் மிச்சம்.

தணிக்கை அக்கா:
துவைச்ச பனியனைக் கவர்ல சுத்தித் திணிப்பா. அப்புறம், சேஃப்டி ஷூ முனையில இரும்பு இருக்கும், செக்யூரிட்டி கேட்ல கத்தும், கழட்டச் சொல்வாங்க. கட்டைவிரல்ல ஓட்டை இல்லாத சாக்ஸா பார்த்துப் போட்டுட்டுப் போ.

சிப்காட் பையன்:
சாக்ஸ் தேடிட்டிருக்கேன் அக்கா. அம்மாகிட்ட கேட்டா அதையும் துவைச்சுப் போட்டுட்டாங்களாம், இன்னும் காயலையாம்.