வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மோட்டார்ஹோமிலேயே இங்கிலாந்து சுற்றலாமா?

ரெடிங்வாசி:

வணக்கம். நானும் என் கணவரும் ரெடிங்கில் இருக்கிறோம். பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள், இவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மோட்டார்ஹோமிலேயே குடியிருந்து இங்கிலாந்துக் கடற்கரையை ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கார்ன்வாலில் தொடங்கி டோர்செட், கென்ட், நார்ஃபோக், யார்க்‌ஷயர், நார்தம்பர்லாந்து என்று மேலே போய், அப்புறம் லேக் டிஸ்ட்ரிக்ட் வழியாக இறங்கலாம் என்று நினைக்கிறோம்.

பார்த்து வைத்திருக்கும் வண்டி ஏழரை மீட்டர் நீளம், 2016 மாடல் டீசல். பின்னால் நிலையான கட்டில், தனியாக ஷவர், இவருக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. எடைத் தகட்டில், சுமையோடு சேர்த்து மொத்தம் 3,850 கிலோ வரை என்று போட்டிருக்கிறது. நாங்கள் இருவரும் இங்கே லைசென்ஸ் எடுத்தது 2000க்குப் பிறகு, அதனால் ஏதாவது சிக்கல் வருமா? கடலோரமாக ஒதுக்குப்புறத்தில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாமா, இல்லை தினமும் கேம்பிங் சைட்டுக்குப் பணம் கட்டித்தான் ஆகவேண்டுமா? இவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், டாக்டர், தபால் விஷயமெல்லாம் எப்படி? குளிர்காலத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சக்கரவீடு:

அக்கா, முதலில் அந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 1997 ஜனவரி 1க்கு முன் கார் டெஸ்ட் பாஸானவர்களுக்குத்தான் லைசென்ஸில் சி1 (சின்ன லாரி வகை) தானாகவே வந்திருக்கும், அவர்கள் ஏழரை டன் வரை ஓட்டலாம். உங்களுக்கு பி (கார் வகை) மட்டும்தான் இருக்கும், அதற்கு எல்லை 3,500 கிலோ. 3,850 வண்டியைக் காலியாக ஓட்டினாலும் நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிற கணக்குதான், ஏனென்றால் பார்ப்பது தகட்டில் இருக்கும் எடையை, அன்றைக்கு நீங்கள் என்ன ஏற்றியிருக்கிறீர்கள் என்பதை அல்ல. சி1 எடுக்கலாம், மருத்துவப் பரிசோதனை, தியரி, பிராக்டிகல் எல்லாம் தனியாக உண்டு, ஓய்வு பெறும் வயதில் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

விற்பவர் அடுத்து "3,500க்குக் குறைத்துப் பதிந்து தருகிறேன்" என்பார். காகிதத்தில் குறையும், வண்டி இளைக்காது. அந்த நீளத்து வண்டி ஓட்டுநர், டீசலோடு சேர்த்து 3,200 கிலோ வந்தால் உங்களுக்கு மிச்சம் 300. அதில் இன்னொரு ஆள் 65, வெளியே விரிக்கும் பந்தலான ஆனிங் 30, இரண்டாவது பேட்டரி 25, தொட்டி நிறைய நூறு லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, இதிலேயே 220 போயிற்று. பாக்கி 80 கிலோவுக்குள் துணிமணி, பாத்திரம், மெத்தை விரிப்பு, நாற்காலி, அரிசி மூட்டை, நம்ம வீட்டு கிரைண்டர். இரண்டு மின்சார சைக்கிளைப் பின்னால் மாட்டினீர்கள் என்றால் முடிந்தது. பின்சக்கரத்துக்கு அப்பால் தொங்கும் சுமை பின் அச்சைத் தன் எடையைவிட அதிகமாக அழுத்தும், மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் எல்லை தாண்டிய வண்டிகளை எடைமேடையில் பார்த்திருக்கிறேன். ஆறு மீட்டருக்குள், 3,500 தகடு, 450 கிலோவாவது ஏற்ற இடமுள்ள வண்டியாகத் தேடுங்கள். கட்டில் கொஞ்சம் சின்னதாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

இன்னொன்று, 2016 டீசல் என்றால் புகைத் தரம் யூரோ 5ஆ 6ஆ என்று வி5சியில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) பார்த்துவிடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் வலயம், லண்டன் பரோக்கள் அத்தனைக்கும் வந்துவிட்டது. யூரோ 5 டீசலாக இருந்தால் 3,500 வண்டிக்கே ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு, அதற்கு மேற்பட்ட எடைக்கு இன்னும் பலமடங்கு. ஹீத்ரோவும் உள்ளேதான் இருக்கிறது, ஊரிலிருந்து யாராவது வந்து இறங்கும்போது தெரியும்.

நிறுத்துவதைப் பற்றி: இங்கிலாந்தில் எல்லா நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் அனுமதி இல்லாமல் தங்க உரிமை கிடையாது. டார்ட்மூரில் கூடாரம் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் சொன்னது முதுகில் பையோடு நடந்து போகிறவர்களுக்கு, வண்டிக்கு அல்ல. கடலோரக் கார் பார்க்குகள் பலவற்றில் கம்பித்தடுப்பு போட்டோ, "இரவு தங்கக்கூடாது" என்று பலகை வைத்தோ இருப்பார்கள். ஆனால் தினமும் பெரிய சைட்டுக்குப் போகவும் வேண்டாம். கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்பில் சேர்ந்தால் சிஎல் என்று சொல்லும் சின்ன இடங்கள் கிடைக்கும், பெரும்பாலும் ஒரு பண்ணையின் ஓரம், ஐந்து வண்டிக்கு மேல் விடமாட்டார்கள், உறுப்பினர்களுக்கு மட்டும். கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப்பிலும் இதே மாதிரி உண்டு. தண்ணீர்க் குழாயும் டாய்லெட் கேசட்டை (கழிவுப் பெட்டி) கொட்ட ஒரு இடமும் இருக்கும், சிலவற்றில் கரண்ட்டும் இருக்கும், வாடகை கோடையில் பெரிய சைட்டில் கேட்பதைவிட நன்றாகவே குறைவு. நடுவில் ஒரு இரவு சாப்பிடுபவர்களைக் கார் பார்க்கில் தங்கவிடும் பப்கள் உண்டு, முன்கூட்டி ஃபோன் செய்து கேளுங்கள். குடித்துவிட்டு மட்டும் ஸ்டியரிங் பக்கம் போகாதீர்கள், வண்டி உங்கள் பொறுப்பில் இருந்தாலே போலீஸ் கேள்வி கேட்கலாம்.

பனிமூட்டம்:

சக்கரவீடு அண்ணை சொன்னதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் குளிர்காலத்தைப் பற்றி ஒருவரும் உள்ளதைச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

குளிரைவிட ஈரம்தான் ஆளைக் கொல்லும். இரண்டு பேர் மூச்சு, சோறு வடித்த ஆவி, காயப்போட்ட துவாய் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான் சுற்றும். விடிய எழும்பிப் பார்த்தால் கண்ணாடி வழியே தண்ணீர் ஓடும், மெத்தையைத் தூக்கினால் பலகையில் கறுப்புப் பூஞ்சணம். மெத்தைக்குக் கீழே காற்றுப் போக இடம் விடுங்கள், முன்கண்ணாடிக்கு வெளியே தடித்த போர்வை போடுங்கள், எவ்வளவு குளிர்ந்தாலும் மேல்சன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வையுங்கள். காஸ் புரொப்பேனாக இருக்கட்டும், பியூட்டேன் பூச்சியத்துக்குக் கிட்டப் போனாலே ஆவியாகாது, சிலிண்டர் நிறைய இருந்தும் அடுப்பு எரியாது. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. நார்தம்பர்லாந்தில் டிசம்பரில் பகல் ஏழு மணித்தியாலம்தான், கூரையில் எவ்வளவு பெரிய சோலார் இருந்தாலும் லைட் போட்டு ஃபோன் சார்ஜ் பண்ணத்தான் காணும்.

பிறகு சேறு. அநேகமான வண்டிகள் முன்சக்கரத்தில் ஓடுகிறவை, பாரம் எல்லாம் பின்னால் இருக்கும், ஈரப்புல்லில் ஏற்றினால் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டே நிற்கும், விவசாயி டிராக்டர் கொண்டு வரும்வரை தேநீர் குடிக்கலாம். நவம்பருக்குப் பிறகு சைட்டில் சரளைத் தரை இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள். பல சைட்டுகள் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் எங்கேயாவது சின்ன வீடு எடுத்து இருங்கள்.

சக்கரவீடு:

@பனிமூட்டம், ஈரம் உண்மைதான். ஆனால் கார்ன்வாலும் நார்ஃபோக்கும் குளிர்காலத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆகஸ்டில் செயின்ட் ஐவ்ஸ் பக்கம் வண்டியைத் திருப்பவே முடியாது, ஜனவரியில் மொத்தக் கரையும் உங்களுக்கு. டீசல் ஹீட்டர் இருந்தால் சமாளிக்கலாம்.

டாக்டர் விஷயம் விட்டுப்போயிற்று. நிலையான முகவரி இல்லை என்பதற்காக ஜிபி (குடும்ப டாக்டர்) சேர்க்க மறுக்கக்கூடாது. இப்போதைய சர்ஜரியிலேயே (டாக்டரின் கிளினிக்) பெயர் இருக்கட்டும், வழியில் உடம்புக்கு முடியவில்லை என்றால் அந்த ஊர் சர்ஜரியில் தற்காலிகமாக மூன்று மாதம் வரை பதியலாம். மாத்திரைச் சீட்டு மின்முறையில் போவதால் எந்த ஊர் ஃபார்மசிக்கும் மாற்றிக்கொள்ளலாம். தபால், வி5சி, லைசென்ஸ் மூன்றுக்கும் பிள்ளைகள் வீட்டு முகவரியைக் கொடுங்கள், லைசென்ஸில் பழைய முகவரியே கிடந்தால் 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம். இன்சூரன்ஸ்காரரிடம் "முழுநேரம் வண்டியிலேயே குடியிருக்கிறோம்" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், சாதாரண பாலிசி விடுமுறைக்குப் போகிறவர்களுக்கானது.

மேடுபள்ளம்:

வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கார்ன்வால், டெவன் சந்துகளில் இருபக்கமும் செடியும் புல்லும் மெத்தென்று தெரியும், எதிரே டிராக்டர் வந்தால் அதில் ஒதுங்கலாம் என்று தோன்றும். உள்ளே இருப்பது கல்சுவர், ஃபைபர் பக்கவாட்டைக் கிழித்துவிடும். வண்டியின் அகலம், உயரத்தைப் போட்டுக்கொள்ளும் சாட்நாவ் வாங்குங்கள், ஃபோன் மேப் உங்களைக் கார் என்றே நினைக்கும். சாமர்செட்டில் ஏ39 சாலையில் போர்லாக் மேடு நாலுக்கு ஒன்று சரிவு, பக்கத்திலேயே காசு வாங்கும் மாற்றுச்சாலை இருக்கிறது, யோசிக்காமல் அதில் போங்கள். லேக் டிஸ்ட்ரிக்டில் ஹார்ட்நாட் கணவாய் மூன்றுக்கு ஒன்று, மோட்டார்ஹோமை அங்கே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை.

நார்தம்பர்லாந்தில் ஹோலி ஐலண்ட் போகும் சாலையைக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மூடும். நேர அட்டவணை கரையிலேயே ஒட்டியிருக்கிறது, அப்படியும் வருஷாவருஷம் யாராவது நடுவில் மாட்டி, சாலையோரம் உயரமான கால்களின் மேல் நிற்கும் வெள்ளை அடைக்கலக் குடிசைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு வண்டி முழுகுவதைப் பார்க்கிறார்கள். யார்க்‌ஷயரில் ஹோல்டர்னஸ் கரையையும் விடாதீர்கள். களிமண் கரை, சராசரியாக வருஷத்துக்கு இரண்டு மீட்டர் அளவுக்குக் கடல் தின்கிறது. ஸ்கிப்சீ பக்கம் தார்ச்சாலை நடுக்கோட்டோடு வந்து, கேக்கை வெட்டினாற்போல் அந்தரத்தில் நிற்கும். அங்கே சைட் எடுத்தால் கரையோர இடத்தைக் கேட்டு வாங்காதீர்கள்.

ரெடிங்வாசி:

எல்லோருக்கும் நன்றி. அந்த வண்டி வேண்டாம் என்று ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டோம், இவர் முகம்தான் கொஞ்சம் வாடிப்போயிருக்கிறது. இப்போது ஆறு மீட்டர் வேன் ஒன்றைப் பார்த்திருக்கிறோம், 3,500 தகடு. கடைசியாக ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள்: சைட் கரண்ட்டில் மிக்சி, இண்டக்‌ஷன் எல்லாம் ஓடுமா? இட்லி இல்லாமல் நாங்கள் இரண்டு வாரம் தாங்கமாட்டோம்.

சக்கரவீடு:

ஓடும் அக்கா. சைட்டில் எத்தனை ஆம்ப் என்று முதலிலேயே கேளுங்கள். 16 என்றால் கவலை இல்லை. 10 என்றால் 2,300 வாட்தான், வீட்டிலிருக்கும் 3 கிலோவாட் கெட்டிலைப் போட்டால் ட்ரிப் ஆகிவிடலாம், ஒரு கிலோவாட் பயணக் கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். சில சிஎல்களில் 6 ஆம்ப்தான், அங்கே இண்டக்‌ஷனைக் குறைத்து வைத்து ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் இட்லி. கிரைண்டரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மிக்சியில் அரைத்த மாவு போதும். தாளிப்பதை ஆனிங்குக்கு அடியில் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், கடுகு வெடித்த வாசனை தலையணையிலிருந்து லேசில் போகாது.

பனிமூட்டம்:

மாவு குளிர்காலத்தில் புளிக்காது. ஹீட்டர் காற்று வரும் துவாரத்துக்குக் கிட்ட அலுமாரிக்குள் வையுங்கள், மூடியை இறுக்காதீர்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வாடகைக்கு விடுமுன் வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம், மார்ச் என்றால் இப்போதே தொடங்குங்கள்.