கொலைக்கதை படித்தால் எனக்கு மட்டும் ஏன் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது?

அரைத்தூக்கம் (கேள்வி)

போன மாதம் அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. பதினோரு இரவுகள் மருத்துவமனையில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் கழித்தேன். அந்தப் பதினோரு இரவில் ஒன்பது நாவல் படித்து முடித்தேன். ஒன்பதிலும் கொலை. மொத்தம் பதினாறு பிணம். எண்ணினேன், வேறு வேலை இல்லையே.

எல்லாமே ‘கோசி’ என்கிறார்களே, அந்த வகைதான். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ரத்தம் கண்ணில் படாது. கண்டுபிடிப்பவர் போலீஸ்காரராக இருக்க மாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை, நூலகர், பாதிரியார், ஸ்வெட்டர் பின்னும் பாட்டி, இப்படி யாராவது.

நான் சுத்தப் பயந்தாங்கொள்ளி. செய்தியில் கொலை என்று வந்தாலே சேனலை மாற்றிவிடுவேன். தோழி வற்புறுத்தினாள் என்று தொடர்கொலைகாரன் கதை ஒன்றைப் பார்த்துவிட்டு மூன்று நாள் குளியலறை விளக்கை அணைக்காமல் படுத்தவள். ஆனால் இந்த நாவல்களில் நாற்பதாம் பக்கத்தில் ஒருவர் கம்பளத்தின் மேல் செத்துக் கிடந்தால் எனக்கு ‘அப்பாடா, ஆரம்பித்துவிட்டது’ என்றுதான் இருக்கிறது. காலை நீட்டிக்கொள்கிறேன். இன்னும் இரண்டு அத்தியாயம், அப்புறம் தூக்கம்.

இரவுப் பணி நர்ஸ் ஒருநாள் அட்டைப்படத்தைப் பார்த்தார். ஒரு கத்தி, பக்கத்தில் ஒரு பூனை. “இதைப் படித்துவிட்டா இப்படித் தூங்குகிறீர்கள்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

‘கடைசியில் குற்றவாளி பிடிபடுகிறான், நியாயம் ஜெயிக்கிறது, அதனால்தான் நிம்மதி’ என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. அந்த ஒன்பதில் ஐந்து கதையில் கொலையாளி யார் என்பதே எனக்கு இப்போது மறந்துவிட்டது. ஒருத்தி கைக்கடிகாரத்தை வழக்கத்துக்கு மாறாக வலது கையில் கட்டியிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நியாயத்தை மறந்துவிட்டுக் கடிகாரத்தை ஞாபகம் வைத்திருக்கிறேன் என்றால், நான் எதற்காகத்தான் இவற்றைப் படிக்கிறேன்? உங்களுக்கெல்லாம் எப்படி?

முட்டுக்கட்டை

அப்பா எப்படி இருக்கிறார்? அதை முதலில் சொல்லுங்கள்.

கேள்விக்கு என் பதில்: சோம்பேறித்தனம். திட்டாதீர்கள், நானும் ஒரு காலத்தில் இதில் விழுந்து கிடந்தவன்தான். இந்த வகை உங்களிடம் எதையும் கேட்பதில்லை. சாகிறவர் யார் என்று கவனித்தீர்களா? முதல் முப்பது பக்கத்தில் எல்லோரையும் கடித்துக் குதறும் கஞ்சக் கிழவர். உயிலை மாற்றப் போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் அறிவிப்பார். இல்லையென்றால் ஊரையே மிரட்டிப் பணம் பறிக்கும் ஆசாமி. அவர் செத்தால் அழ ஒரு ஆள் கிடையாது. சவ அடக்கத்தில்கூட எல்லோரும் ஓரக்கண்ணால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். துக்கமே இல்லாத சாவு, குடும்பமே இல்லாத பிணம்.

அப்புறம் அந்த ஊர்கள். ‘மர்டர், ஷி ரோட்’ என்ற டிவி தொடர் 1984 முதல் 1996 வரை 264 அத்தியாயம் ஓடியது. கதாநாயகி ஒரு நாவலாசிரியை. கேபட் கோவ் என்ற சின்னக் கடலோர ஊரில் இருப்பார், அவர் போகிற இடமெல்லாம் கொலை. நிஜத்தில் ஒரு ஊரில் இதில் கால்வாசி நடந்திருந்தாலும் வீட்டை விற்றுவிட்டு ஓடியிருப்பார்கள். அங்கே மறுநாள் காலை எல்லோரும் சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்கிறார்கள்.

இப்போது வருபவை இன்னும் மோசம். அட்டையில் பூனை, தலைப்பில் சிலேடை, கடைசிப் பக்கத்தில் கேக் செய்முறை. நான் நிறுத்தியது அந்தச் செய்முறையைப் பார்த்துத்தான்.

குலுக்கிவிட்டு அருந்தவும்

முட்டுக்கட்டை தம்பி சொல்வதில் பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முப்பத்தொரு வருடம் பார்மசிஸ்டாக இருந்தேன். என் பெயருக்கு எல்லோரும் விளக்கம் கேட்கிறார்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவர், 1917இல் மருந்து தயாரிப்புத் தேர்வும் எழுதித் தேறியவர். அவருடைய முதல் நாவல் 1920இல் வந்தது. (அந்த நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். கொலையாளி பெயரைச் சொல்ல மாட்டேன், விஷம் வேலை செய்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.) அந்தக் காலத்து சத்து டானிக்கில் ஸ்டிரிக்னைன் என்ற விஷம் மிகக் கொஞ்சமாகக் கரைந்திருக்கும். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி குடித்தால் ஒன்றும் ஆகாது. அதே பாட்டிலில் புரோமைடு தூளைப் போட்டால் ஸ்டிரிக்னைன் கரைந்த நிலையில் இருக்க முடியாமல் படிகமாகி மெல்ல அடியில் போய்த் தங்கிவிடும். மேலே இருப்பதைத் தினமும் குடித்து வருபவர் நன்றாகத்தான் இருப்பார். கடைசி வேளையில் மொத்த விஷமும் ஒரே கரண்டியில் வந்துவிடும். கொலைகாரர் அன்றைக்கு அந்த ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை.

மருந்தாளுநர்களின் பத்திரிகை ஒன்று அந்த நாவலுக்கு மதிப்புரை எழுதி, விஷத்தைப் பற்றி விஷயம் தெரிந்து எழுதியிருக்கிறார் என்று பாராட்டியது. கிறிஸ்டிக்கு அதில் தனிப் பெருமை.

நான் இதைப் படித்தபோது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். ‘குலுக்கிவிட்டு அருந்தவும்’ என்ற சிறு லேபிளைத் தினமும் எத்தனை பாட்டிலில் ஒட்டியிருப்பேன்! ஒரு தடவைகூட அதைப் பற்றி யோசித்ததில்லை. அன்றைக்குத்தான் ஒரு சிரப் பாட்டிலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அடியில் வெள்ளையாகப் படிந்திருந்த கோட்டைப் பார்த்தேன். குலுக்கினேன், கலைந்தது. வைத்தேன், கால் மணி நேரத்தில் மறுபடியும் படிய ஆரம்பித்தது. அரைத்தூக்கம் அம்மாவின் கைக்கடிகாரமும் இதுதான் என்று நினைக்கிறேன். கொலையாளியைத் தெரிந்துகொண்டு நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்ணெதிரே கிடந்தும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டோம் என்பது மட்டும் மனதில் நிற்கிறது.

துப்பறிபவர் ஏன் போலீஸாக இல்லாமல் அமெச்சூராக இருக்கிறார் என்று கேட்டால், அவர் முன்னால் யாரும் வாயைக் கட்டுவதில்லை. போலீஸ் வந்தால் எல்லோரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து யோசித்துப் பேசுவார்கள். மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் பாட்டியை யார் கண்டுகொள்கிறார்கள்? கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவனும் அப்படித்தான். நான் அங்கே ஒரு அலமாரி மாதிரி. கணவன் மனைவி சண்டை, பிள்ளைக்குத் தெரியாத கடன், எல்லாம் என் காது கேட்கத்தான் பேசுவார்கள். எட்டு வருடமாக மாதம்தோறும் இரண்டு பேருக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கியவர் ஒருநாள் ஒரு அட்டையை மட்டும் நீட்டி “இது மட்டும் போதும்” என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. சில்லறையைக் கொஞ்சம் மெதுவாக எண்ணிக் கொடுத்தேன்.

கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிள் வேலை செய்யும் விதமும் இதிலிருந்துதான் வருகிறது. 1927இல் ஒரு சிறுகதையில் முதலில் வந்தார், 1930இல் முதல் நாவல். பூதக்கண்ணாடி, கைரேகை எதுவும் அவரிடம் கிடையாது. ஒரு பெரிய மனிதரைப் பார்த்ததும், எங்கள் ஊரில் இப்படித்தான் ஒரு பையன் இருந்தான் என்பார். எல்லோரும் ஐயோ பாவம் என்று சிரிப்பார்கள். அவரிடம் இருப்பது அவ்வளவுதான், மனிதர்களை வகைவகையாகப் பார்த்து வைத்திருக்கும் ஞாபகம். வம்பு என்று நாம் ஒதுக்குவதை அவர் சாட்சியாக்குகிறார்.

கடைசியாக ஒன்று, இதை அந்த நர்ஸிடம் அவசியம் சொல்லுங்கள். கிறிஸ்டியின் 1961 நாவல் ஒன்றில் விஷம் தாலியம். பல நோய் மாதிரி வேஷம் போடும், முடி கொட்டும். 1977இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஒரு குழந்தைக்கு என்ன நோய் என்றே டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அங்கே இருந்த நர்ஸ் அப்போது அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்து, தாலியமாக இருக்குமோ என்று சொன்னார். பரிசோதனையில் அதுதான். குழந்தை பிழைத்தது.

பின்வரிசை

பார்மசிஸ்ட் ஐயா, மாத்திரை அட்டை விஷயத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

முட்டுக்கட்டைக்கு ஒரு வார்த்தை. ‘எதையும் கேட்பதில்லை’ என்பது சரியில்லை, இந்த வகை கவனத்தைக் கேட்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் (அவரே துப்பறியும் கதை எழுதியவர்) 1929இல் பத்து விதி வகுத்தார். ஒரு கதையில் ஒரு ரகசிய வழிக்கு மேல் கூடாது, இரட்டையரை முன்னறிவிப்பு இல்லாமல் கொண்டுவரக் கூடாது, இப்படிப் போகும். எட்டாவது விதி: துப்பறிபவர் கண்ணில் படும் எந்தத் தடயமும் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும். அதாவது ஏமாற்றலாம், ஆனால் சீட்டை மேசையின் மேல் வைத்துவிட்டுத்தான் ஏமாற்ற வேண்டும். எழுத்தாளர்கள் சேர்ந்து 1930இல் டிடெக்‌ஷன் கிளப் என்று ஒரு சங்கமே வைத்து, இதை மதிப்போம் என்று சத்தியம் செய்தார்கள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

கவிஞர் ஆடன் 1948இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கையில் எடுத்துவிட்டால் முடிக்கும்வரை வேலையும் ஓடாது தூக்கமும் வராது, முடித்ததும் கதை மறந்துவிடும் என்கிறார். மறதியில் அரைத்தூக்கம் அவர் கட்சி, தூக்கத்தில் எதிர்க்கட்சி.

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாக்கரோடு கூடத்துக்கும் அறைக்கும் நடக்கிறார், அதட்டுகிறார். அதனால் நலம்தான்.

முட்டுக்கட்டை, துக்கமே இல்லாத சாவு என்றீர்களே, அதைப் படித்துவிட்டு நாள் முழுக்க யோசித்தேன். ஆறாவது நாள் காலை முகம் கழுவிவிட்டு வந்தால் பக்கத்துக் கட்டில் காலி. புது விரிப்பு, மடிப்புகூடக் கலையவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா என்னிடம் மணி கேட்டிருந்தார். வேறு வார்டுக்கு மாற்றினார்களா, வீட்டுக்குப் போனாரா, இல்லையா, நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. ஒன்பது மணிக்கு வேறொருவர் வந்து படுத்துக்கொண்டார்.

அன்றைக்குப் படித்த நாவலில் ஒரு கிழவர் செத்துப் போகிறார். நீங்கள் சொன்ன மாதிரிதான், கஞ்சர், யாரும் அழவில்லை. ஆனால் அவர் கடைசியாக எத்தனை மணிக்குக் கதவைச் சாத்தினார், பால் குடித்தாரா இல்லையா, எந்தச் செருப்பைப் போட்டிருந்தார் என்று முந்நூறு பக்கம் ஒரு ஊரே உட்கார்ந்து விசாரிக்கிறது. எனக்கு அது போதுமாக இருந்தது. அழுகையைத்தான் தினமும் வராந்தாவில் கேட்டுக்கொண்டிருந்தேனே.

பார்மசிஸ்ட் ஐயா, நீங்கள் சொன்னதை நர்ஸிடம் சொல்ல இனி வழியில்லை, அப்பாவிடம் சொன்னேன். அதில்தான் வம்பு வந்தது.

நான்காவது இரவிலிருந்து, வலியில் அவருக்குத் தூக்கம் வராததால், தாழ்ந்த குரலில் அவருக்கும் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கதையே படிக்காதவர், ஆனால் சந்தேகப்படுவதில் கெட்டிக்காரர். வாசிக்கும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: தோட்டம், வானிலை, மேசைமேல் என்னென்ன இருந்தது, இந்த மாதிரிப் பத்திகளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுவேன். பேச்சு வரும் இடத்துக்கு நேரே குதிப்பேன்.

பத்தாம் நாள் கதையில், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, துப்பறியும் அம்மாள் சொல்கிறார்: முதல்நாள் இரவு நல்ல மழை, ஆனாலும் காலையில் ரோஜாச் செடிக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், ஜன்னலுக்குக் கீழே இருந்த காலடித் தடத்தை அழிக்கத்தான். அப்பா கண்ணைத் திறந்தார். “இது எங்கே வந்தது? நீ படிக்கவே இல்லையே.”

தூங்கிவிட்டீர்கள் என்று சமாளித்தேன். “வவுச்சர் இல்லாமல் கணக்கை முடிக்கிறாய்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நேற்று இந்தத் திரியை அவருக்கு வாசித்தேன். முழுசாகத்தான், கேக் செய்முறைவரை எதையும் தாண்டவில்லை. எட்டாவது விதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். அந்தப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் வாசிக்க வேண்டுமாம்.

“கொலைகாரர் யார் என்றுதான் தெரியுமே அப்பா?”

“அது தெரியும். தோட்டம் எப்படி இருந்தது என்று தெரியாதே.”