இறங்கிய எடை மீண்டும் ஏறாதிருக்க: எங்கள் சாப்பாட்டு அனுபவங்கள்

குடியாத்தத்திலிருந்து:

கடையில் நாள் முழுதும் அமர்ந்தே வேலை செய்பவன் நான். 2017-இல் 88 கிலோ இருந்த எடையை, சோற்றை அடியோடு விட்டு, இரவில் பழம் மட்டும் உண்டு, ஏழே மாதங்களில் 73-க்கு இறக்கினேன். அடுத்த வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்த உறவினர்கள், "அதுதான் இளைத்துவிட்டாயே, இனி நன்றாகச் சாப்பிடு" என்றார்கள். நானும் அப்படியே நம்பிப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினேன்; மறு வைகாசிக்குள் எடை 85-ஐத் தொட்டுவிட்டது.

மிகவும் மனம் உடைந்து மருத்துவரிடம் சென்றபோதுதான் காரணம் விளங்கியது. உடல் இளைக்கும்போது அதை இயக்கத் தேவைப்படும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, நிறைவை உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. ஆகவே 88 கிலோ உடலுக்குப் பழகிய தட்டை 73 கிலோ உடலுக்கு வைத்தால், ஒரு வாய் கூடுதலாக உண்ணாமலே எடை ஏறும்.

இரண்டாம் முறை, வாழ்நாள் முழுதும் உண்ண முடியாத எதையும் இளைப்பதற்காக உண்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒன்றரை ஆண்டில் 74-க்கு வந்தேன். 2020-இன் இறுதியிலிருந்து இன்றுவரை 76-ஐத் தாண்டவில்லை. மதியம் ஒரு கரண்டிச் சோறு, அதைவிட இரு மடங்கு கீரையும் காயும், கூடவே முட்டையோ சுண்டலோ. இரவில் சிறிய உருண்டைக் களி. கேழ்வரகு என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்று நம் பக்கத்தில் பலர் எண்ணுகிறார்கள், அது சரியல்ல. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 320 கலோரி உண்டு, அரிசியில் 350. நார்ச்சத்து மிகுதியாக இருப்பதால் பசி தாங்குகிறதே தவிர, அளவு அதற்கும் வேண்டும்.

ஆம்பூர் பிரியாணியை நான் விடவில்லை. மாதம் ஒரு முறை, அரைத் தட்டு, கத்திரிக்காய்த் தொக்கை மட்டும் எண்ணெய் வடித்துவிட்டு. வீட்டு எண்ணெயைத்தான் என் மனைவி கண்டிப்பாகக் குறைத்தார்: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது என்று அறிந்த நாளிலிருந்து, தாளிக்கும்போது பாட்டிலைக் கவிழ்க்காமல் கரண்டியால் அளந்தே ஊற்றுகிறார். என் எடை நிலைத்ததில் பெரும்பங்கு அவருடையது.

ஆற்காட்டிலிருந்து:

ஐயா எழுதியது முற்றிலும் உண்மை. என் வீட்டில் எடையை ஏற்றியது விருந்தல்ல, பிள்ளைகள் மிச்சம் வைத்த தட்டு. வீணாகிறதே என்று நின்றபடியே உண்ட இட்லியும் தோசையும் சாப்பாட்டுக் கணக்கில் வந்ததே இல்லை. இப்போது முதலிலேயே குறைவாகப் பரிமாறி, கேட்டால் மறுபடி வைக்கிறேன். வெள்ளிதோறும் காலையில் எடை பார்க்கிறேன்; இரண்டு கிலோ கூடினால், அது ஐந்தாகும்வரை காத்திராமல் அந்த வாரமே மாலைத் தேநீரின் சர்க்கரையையும் பஜ்ஜியையும் நிறுத்திவிடுகிறேன். எங்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கினால் ஒன்றை நால்வர் பகிர்ந்துகொள்கிறோம்.

காட்பாடியிலிருந்து:

சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர்கள் இரவு உணவைத் தாமாகக் குறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அப்படிச் செய்து, விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயங்கினேன். மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்த பிறகே களியைப் பாதியாக்கினேன்.