அரீனா ஃபுட்பால் ஆட்டக்காரர் கோச் ஆகும் பாதை: நம்ம ஃப்ளாக் டீமுக்கு எது உதவும்?

தாம்பரம்_பிளிட்ஸ்:
ஜே க்ரூடன் மாதிரி அரீனா ஃபுட்பால், அதாவது உள்ளரங்க அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினவங்க எப்படிக் கோச்சா வந்தாங்கன்னு பார்த்துட்டு இருக்கேன். எங்க காலேஜ்ல ஐவர் ஃப்ளாக் ஃபுட்பால் (மோதி விழவைக்காம இடுப்புக் கொடியைப் பிடுங்கி ஆளை நிறுத்தற ஆட்டம்) டீம் ஆரம்பிக்கிறோம், கோச்சிங் என் பொறுப்பு. 2028 ஒலிம்பிக்ஸ்ல சேர்த்துட்டதால பசங்களுக்கு ஏக ஆர்வம். பிராக்டிஸுக்குக் கிடைக்கிறது மேடவாக்கம் பக்கம் வலை கட்டின ஒரு டர்ஃப்தான், சுமாரா 100 அடிக்கு 60 அடி. அரீனா ப்ளேக்களை (முன்கூட்டியே வகுத்து வச்ச ஆட்டத் திட்டங்களை) அப்படியே எடுத்து ஆடலாமா?

ஸ்பைரல்44:
முதல்ல அளவைப் பாருங்க. அரீனா மைதானம் 50 யார்டு (ஒரு யார்டு 3 அடி) நீளம், 85 அடி அகலம். அதாவது 28 யார்டுக்குக் கொஞ்சம் மேலே. ரெண்டு முனையிலும் 8 யார்டு எண்ட் ஸோன் (பந்தோட போய்ச் சேர்ந்தா பாயிண்ட் கிடைக்கிற பகுதி). உங்க ஃப்ளாக் மைதானம் 50க்கு 25 யார்டு, எண்ட் ஸோன் 10 யார்டு. கிட்டத்தட்ட ஒரே இடம். பெரிய மைதானத்து ப்ளேபுக்கைச் சுருக்கி வச்சுக்கிட்டுத் திண்டாடறதைவிட இது எவ்வளவோ மேல்.

அங்கே பக்கத்துக்கு 8 பேர், பண்ட் (பந்தை எதிரணிக்கு உதைச்சுத் தள்ளறது) கிடையாது. நாலாவது டவுன்ல, அதாவது கடைசி முயற்சியில, ஒண்ணு முன்னேறப் பார்க்கணும், இல்லைன்னா ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கறது). அதனால ஆட்டம் முழுக்க பாஸ். குவாட்டர்பேக் (பாஸ் எறியறவர்) பந்தைக் கையில் வச்சு யோசிக்க நேரமே இருக்காது. ஐயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ்ங்கிற அரீனா டீம்ல 1995லிருந்து 97 வரை ஆடின கர்ட் வார்னர் பிறகு சூப்பர் பவுல் (என்எஃப்எல்ங்கிற பெரிய தொழில்முறை லீக்கோட இறுதி ஆட்டம்) எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) ஆனதுல இந்த வேகமான ரிலீஸுக்கு, அதாவது பந்தைச் சட்டுனு எறியறதுக்குப் பங்கு உண்டு.

க்ரூடன் டாம்பா பே ஸ்டார்ம் குவாட்டர்பேக்கா 1991, 93, 95, 96னு நாலு அரீனாபவுல் (அரீனா லீக் இறுதி ஆட்டம்) ஜெயிச்சார். 97ல நாஷ்வில் கேட்ஸ்ல அஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர் (தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கற துணைக் கோச்), 98ல ஆர்லாண்டோ பிரெடேட்டர்ஸ் ஹெட் கோச். 1998லயும் 2000லயும் கப். அப்புறம் 2002, 03ல மறுபடி ஆட வந்துட்டு, 2004ல திரும்பக் கோச். 2014லிருந்து 2019 வரை வாஷிங்டன் என்எஃப்எல் டீமுக்கு ஹெட் கோச். நடுவுல வந்த அந்த ஒரு வருஷ கோஆர்டினேட்டர் வேலையைக் கவனிங்க. ஆடறதுலேருந்து நேரா ஹெட் கோச் நாற்காலிக்குத் தாவலை.

மிட்லைன்_மணி:
ஸ்பைரல் அண்ணா சொன்னது சரி, ஆனா ஒண்ணு விட்டுட்டார். க்ரூடனோட அப்பா ஜிம் கோச், ஸ்கவுட் (ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்); அண்ணன் ஜான் சூப்பர் பவுல் ஜெயிச்ச கோச். 2002லிருந்து அண்ணன்கிட்டயே டாம்பா பே பக்கனியர்ஸ்ங்கிற என்எஃப்எல் டீம்ல உதவியாளரா இருந்தார். அந்தக் கதவு எல்லாருக்கும் திறக்காது, அவர் பாதையைப் பொது விதியா எடுத்துக்காதீங்க.

ப்ளேக்களை அப்படியே எடுத்தீங்கன்னா முதல் மேட்ச்லேயே நடுவர் பெனால்டிக் கொடி வீசுவார். அரீனாவுல ஒரு ரிசீவர் (பாஸைப் பிடிக்கிறவர்) ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வர்ற நொடிக்கு) முன்னாடியே பந்து இருக்கிற கோட்டை நோக்கி முழு வேகத்துல ஓடி வரலாம். அந்த ஆட்டத்தோட உயிரே அதுதான். ஃப்ளாக்ல மோஷன் (ஸ்னாப்புக்கு முன்னாடி நகர்றது) பக்கவாட்டிலோ பின்பக்கமாவோதான், அதுவும் ஒருத்தர் மட்டும். முன்னோக்கி ஒரு அடி வச்சாலும் 5 யார்டு பெனால்டி. அரீனா ரூட்டை (ரிசீவர் ஓடற தடத்தை) எடுக்கறதா இருந்தா மோஷனை வெட்டிட்டு, ரூட்டோட ஆழத்தை 2 யார்டு குறைங்க. நின்ன இடத்துலேருந்து கிளம்பற ரிசீவர் அவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர மாட்டார்.

ரஷ்ஷர் (குவாட்டர்பேக்கைப் பிடிக்க ஓடி வர்ற எதிரணிக்காரர்) கோட்டிலேருந்து 7 யார்டு தள்ளி நின்னு வருவார், உங்க குவாட்டர்பேக் 5 யார்டு பின்னாடி. மொத்தம் 12 யார்டு. நல்ல ஓட்டக்காரன் இதை ரெண்டு, ரெண்டரை விநாடியில முடிச்சுடுவான். குவாட்டர்பேக் பந்தோட கோட்டைத் தாண்டி ஓடவும் முடியாது. அதுக்குள்ள பந்து கையை விட்டுப் போயிருக்கணும்.

தாம்பரம்_பிளிட்ஸ்:
நன்றி அண்ணா. அந்த ரெண்டரை விநாடியை எப்படி அளக்கறது? ஸ்டாப்வாட்ச்ல ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது.

எண்ட்ஸோன்_பெரியமேடு:
ஸ்டாப்வாட்ச் வேண்டாம் தம்பி. ஃபோன்ல 30 ஃப்ரேம்ல படம் பிடிச்சு, ஸ்னாப்லேருந்து ரிலீஸ் வரை ஃப்ரேமை எண்ணுங்க. 75க்குள்ள இருக்கணும். குவாட்டர்பேக் முதுகுக்குப் பின்னாடி, தலைக்கு மேல் உயரத்துல ஃபோனைக் கட்டுங்க. லென்ஸ் வலைக் கண்ணுக்குள்ள ஒட்டி இருக்கணும். ஒரு சாண் தள்ளி வச்சாலும் ஃபோகஸ் வலையைப் பிடிச்சுக்கும், ஆட்டம் மங்கலாயிடும். ஒவ்வொரு ப்ளேக்கும் டவுன், தூரம், ஃபார்மேஷன், மோஷன், டிஃபென்ஸ் நின்ன விதம், ஃப்ரேம் எண்ணிக்கை, முடிவு எல்லாத்தையும் ஒரு வரியா நோட்டுல எழுதுங்க. இதை எழுதற ஆளை ஒவ்வொரு வாரமும் மாத்துங்க. யார் ஆட்டத்தைப் படிக்கிறாங்க, அடுத்த கோச் யாருன்னு அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.

உங்க டர்ஃப் 33க்கு 20 யார்டு. முழு ஆட்டம் ஆடப் பார்க்காதீங்க. கோல் பக்க வலையிலேருந்து 2 யார்டு விட்டு எண்ட் லைன், அரீனா மாதிரி 8 யார்டு எண்ட் ஸோன், அங்கேயிருந்து 12 யார்டு தள்ளி ஸ்னாப். ஸ்னாப் கோட்டுக்குப் பின்னாடி 11 யார்டு மிச்சம். பக்கவாட்டிலும் ஒவ்வொரு யார்டு விட்டா அகலம் 18தான் வரும், அதனால நாலுக்கு நாலு வச்சு ஆடுங்க.

வலையை ஒட்டிக் கோடு போட்டா ரிசீவர் கடைசி ரெண்டு அடியில தன்னாலேயே வேகத்தைக் குறைப்பான். அந்தப் பழக்கம் மைதானத்துக்கும் கூடவே வரும். வலை தாங்கற இரும்புக் கம்பத்துக்கு ஆள் உயரம் வரை ஃபோம் சுத்துங்க. அரீனாவுல எண்ட் ஸோன் வலையில பட்டுத் திரும்பற பந்து உயிரோட இருக்கும். அதைப் பார்த்துட்டு இங்கே பிடிக்கப் பாய்வாங்க, முதல் நாளே தடை போடுங்க.

நம்ம ஊர் புழுக்கத்துல மலிவு ரப்பர் பந்து வியர்வையில வழுக்கும். காம்போஸிட் பந்து ரெண்டு, துண்டு ரெண்டு வச்சு மாத்தி மாத்தித் துடைங்க. ஏப்ரல், மே மாசம்னா காலை 6 மணி ஸ்லாட். வெயில் ஏறினப்புறம் ரப்பர் துகள் போட்ட டர்ஃப் காலைச் சுட்டுடும். பை வச்ச ஷார்ட்ஸ் வேண்டவே வேண்டாம். கொடியைப் பிடுங்க வர்ற விரல் அதுல மாட்டினா மடங்கிடும்.